பைத்தான் ஏசிங்க்ஐஓ லிசனரில் "நோ ரன்னிங் ஈவென்ட் லூப்" என்ற பிழை ஏன் வருகிறது, எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் சொல்லியிருப்பது இது: ஏசிங்க்ஐஓவில் (ஒரு வேலை காத்திருக்கும்போது இன்னொன்றைப் பார்க்கும்படி பல வேலைகளை ஓட்டும் பைத்தான் நூலகம்; அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவதுதான் ஈவென்ட் லூப்) ஒரு யூடிபி லிசனர் (நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டுகளை வாங்கும் பகுதி) ஓடுகிறது. அதே புரோகிராமில் பாஹோ எம்க்யூடிடி கிளையன்ட்டும் (எம்க்யூடிடி என்பது கருவிகள் செய்தி பரிமாறும் முறை, பாஹோ அதற்கான நூலகம்) இருக்கிறது. அதன் ஆன்_மெசேஜ் கால்பேக்குக்குள் (செய்தி வந்ததும் தானாக ஓடும் ஃபங்ஷன்) கிரியேட்_டாஸ்க் கூப்பிட்டால் "நோ ரன்னிங் ஈவென்ட் லூப்" என்று விழுகிறது. இணையத்தில் தேடி நியூ_ஈவென்ட்_லூப், ரன்_அன்டில்_கம்ப்ளீட் இரண்டையும் போட்டதும் அது போய்விட்டது. இப்போது எப்போதாவது "பவுண்ட் டு எ டிஃபரென்ட் ஈவென்ட் லூப்" என்று வேறொன்று வருகிறது.

முதல் வேலையாக அந்த நியூ_ஈவென்ட்_லூப் வரியை அழித்துவிடுங்கள். லிசனரைத் தொடங்கும் கோருட்டீனுக்குள் (நடுவில் நின்று காத்திருந்து தொடரக்கூடிய ஃபங்ஷன்) ஒரே ஒரு தடவை கெட்_ரன்னிங்_லூப் கூப்பிட்டு, கிடைக்கும் லூப்பை லிசனர் ஆப்ஜெக்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆன்_மெசேஜ் உள்ளே கிரியேட்_டாஸ்க் இருக்கும் இடத்தில் ரன்_கோருட்டீன்_திரெட்சேஃப் போட்டு, வைத்திருக்கும் லூப்பை அதற்குக் கொடுங்கள். சாதாரண ஃபங்ஷன் என்றால் கால்_சூன்_திரெட்சேஃப் போதும். இவ்வளவுதான் மாற்றம். அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காரணம் இது. "நடப்பு லூப்" என்பது புரோகிராம் முழுவதற்கும் பொதுவான ஒன்றல்ல, ஒவ்வொரு திரெட்டுக்கும் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழை) தனி. பாஹோவின் லூப்_ஸ்டார்ட் தனக்கென்று ஒரு திரெட்டைத் தொடங்குகிறது. ஆன்_மெசேஜ் அந்தத் திரெட்டில்தான் ஓடும். அங்கே ஏசிங்க்ஐஓ லூப் எதுவும் ஓடவில்லை. பிழைச் செய்தி உண்மையைத்தான் சொல்கிறது. அதன் வாயை அடைக்க அங்கேயே ஒரு புது லூப்பை உருவாக்கினால், ஒரே கியூவை (செய்திகள் வரிசையாகக் காத்திருக்கும் இடம்) இரண்டு லூப்புகள் தொட ஆரம்பிக்கும். பைத்தான் 3.10-லிருந்து கியூவும் லாக்கும் (பூட்டு) உருவாகும்போது எந்த லூப்போடும் ஒட்டிக்கொள்வதில்லை. முதல் தடவை யாராவது காத்திருக்க நேரும்போதுதான் ஒட்டுகின்றன. கியூவில் ஏற்கனவே சரக்கு இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை, பிழையும் வராது. காலியாக இருந்தால் விழும். "எப்போதாவது வருகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதன் காரணம் இதுதான். 3.9 வரை உருவாகும்போதே ஒட்டிக்கொள்ளும். அதனால் மாட்யூலின் மேல்மட்டத்தில் கியூவை உருவாக்கிவிட்டு அப்புறம் ஏசிங்க்ஐஓ.ரன் கூப்பிட்டவர்கள் எல்லோரும் அதே சண்டையை அப்போதும் போட்டார்கள்.

பிழையே வராத ஒரு வகையும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் மோசம். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் கேத்திப் பள்ளத்தாக்கு இருக்கிறதே, அங்கே கேரட், பீட்ரூட் போட்டிருக்கும் ஒரு தோட்டத்தில் உறைபனி எச்சரிக்கைக்கு ஒரு சின்ன ஏற்பாடு. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து காற்றே இல்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆளுயரத்தில் வைத்த தெர்மாமீட்டர் 2 டிகிரி, 3 டிகிரி காட்டும்போதே செடி மட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். அதனால் சென்சார்களைத் தரையோடு ஒட்டி வைத்திருந்தார்கள். ஈஎஸ்பி32 போர்டுகள், பேட்டரி தாங்க வேண்டுமே என்று பத்து நிமிடம் தூங்கும், எழுந்து வைஃபையில் ஒரு யூடிபி பாக்கெட்டை அனுப்பும், மறுபடி தூங்கும். ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரில் லிசனர். போனில் பட்டனைத் தட்டினால் எம்க்யூடிடி வழியாகக் கட்டளை வந்து ஸ்பிரிங்க்ளர் மோட்டாரின் ரிலே (மோட்டாரை ஓடவிடும் மின் சுவிட்ச்) இயங்க வேண்டும்.

அந்த புரோகிராமை எழுதியவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார், பார்க்கச் சொல்லி என்னிடம் வந்தது. தோட்டக்காரர் சொன்ன புகார் இவ்வளவுதான்: "தம்பி, பட்டனை அமுக்கினா ஒரு நாளைக்கு உடனே ஓடுது. ஒரு நாளைக்கு நான் டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாத்தான் ஓடுது." உறைபனிக்குத் தண்ணீர் தெளிப்பதில் இந்தத் தாமதம் விளையாட்டில்லை. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காப்பாற்றுகிறது. அதற்குச் சரியான நேரத்தில் ஆரம்பித்து, பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். லாகில் (புரோகிராமின் பதிவு) பிழை ஒரு வரிகூட இல்லை.

ஆன்_மெசேஜ் உள்ளே, கியூவில் நேராக புட்_நோவெயிட் போடப்பட்டிருந்தது. பார்ப்பதற்கு அப்பாவியான வரி. ஆனால் அது எம்க்யூடிடி திரெட்டிலிருந்து ஓடுகிறது. சரக்கு கியூவுக்குள் போய்விட்டது, காத்திருக்கும் டாஸ்க்கை எழுப்பும் வேலையும் லூப்பின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. லூப்போ ஈபோலில் (சாக்கெட்டுகளில் ஏதாவது வருகிறதா என்று காத்திருக்கும் லினக்ஸ் வசதி) தூங்கிக்கொண்டிருக்கிறது, சாக்கெட்டில் ஏதாவது வந்தால்தான் கண் விழிக்கும். தூங்கும் வாட்ச்மேன் அறையில் கதவிடுக்கு வழியாகச் சீட்டைத் தள்ளிவிட்டு வந்த மாதிரி. அடுத்த சென்சார் பாக்கெட் வந்து எழுப்பும்போது லூப் பட்டியலைப் பார்க்கிறது, மோட்டார் ஓடுகிறது. எல்லா போர்டுக்கும் ஒரே நேரத்தில் பேட்டரி போட்டிருந்ததால் அவை கிட்டத்தட்ட ஒன்றாகவே எழுந்து ஒன்றாகவே தூங்கின. அதனால் இடைவெளி முழுப் பத்து நிமிடம் வரை போனது. மேசையில் வைத்துச் சோதித்தபோது போர்டுகள் வினாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பும்படி வைத்திருந்தார்களாம், அப்போது தாமதம் எப்படித் தெரியும்?

கால்_சூன்_திரெட்சேஃப் செய்வது ஒரே ஒரு வேலைதான் கூடுதல். பட்டியலில் சேர்த்த பிறகு, லூப் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு சாக்கெட் ஜோடியில் ஒரு பைட் எழுதும். அந்த பைட்டைப் பார்த்து ஈபோல் உடனே திரும்பும், லூப் விழிக்கும். அந்த வரியை மாற்றி, லூப்பின் கால்_சூன்_திரெட்சேஃப் வழியாக புட்_நோவெயிட்டைக் கூப்பிடச் செய்ததும் பட்டனை அமுக்கிய உடனே ரிலே இயங்கியது. வினாடிக்கு ஒரு தடவை சும்மா ஸ்லீப் போட்டு எழும் டாஸ்க் ஒன்றை வைத்து இதைச் 'சரிசெய்யும்' ஆட்களும் உண்டு. அறிகுறி குறையும். ஆனால் திரெட் பாதுகாப்பு இல்லாத ஒன்றை இரண்டு திரெட்டுகள் தொடுவது அப்படியேதான் இருக்கும்.

இதைத் தேடி அலையாமல் பிடிக்க, பைத்தான்ஏசிங்க்ஐஓடீபக் என்ற சூழல் மாறியை 1 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். தவறான திரெட்டிலிருந்து லூப்பைத் தொட்ட இடத்திலேயே ரன்டைம் எரர் வரும். 100 மில்லிசெகண்டுக்கு மேல் லூப்பைப் பிடித்து வைத்திருக்கும் கால்பேக்குகளையும் லாகில் காட்டும். உங்கள் லிசனரில் டேட்டாபேஸ் எழுத்து நேராக நடந்தால் அதுவும் அங்கே மாட்டும்.

ரன்_கோருட்டீன்_திரெட்சேஃப் திருப்பித் தரும் ஃபியூச்சரை (பின்னால் வரப்போகும் விடையைத் தாங்கும் ஆப்ஜெக்ட்) தூக்கி எறியாதீர்கள். யாரும் பார்க்காவிட்டால் கோருட்டீனுக்குள் நடந்த பிழை சத்தமில்லாமல் மறைந்துவிடும், வழக்கமான "நெவர் ரிட்ரீவ்ட்" எச்சரிக்கைகூட வராது. ஆட்_டன்_கால்பேக் ஒன்றைக் கட்டி, பிழை இருந்தால் லாகில் எழுதுங்கள். கிரியேட்_டாஸ்க் தரும் டாஸ்க்கையும் ஒரு செட்டில் போட்டு வையுங்கள், லூப் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதில்லை.

கேள்வியில் காண்டெக்ஸ்ட்வார்ஸ் (ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனி மதிப்பு வைத்திருக்கும் மாறிகள்) பற்றியும் ஒரு வரி இருந்தது: லாகில் பாக்கெட்டை அனுப்பிய சென்சாரின் பெயர் சில நேரம் மாறி வருகிறது என்று. இது லூப் சிக்கலின் தம்பி, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. காண்டெக்ஸ்ட்வார்ஸ் 3.7-ல் வந்தது. ஒவ்வொரு டாஸ்க்கும் பிறக்கும்போது அப்போதைய காண்டெக்ஸ்டின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. டிசிபியில் ஸ்டார்ட்_சர்வர் வைத்து கோருட்டீன் ஹேண்ட்லர் கொடுத்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு டாஸ்க், ஆகவே தனித்தனி நகல், கவலையில்லை. யூடிபியில் அப்படியில்லை. டேட்டாகிராம்_ரிசீவ்ட் ஒரு சாதாரண ஃபங்ஷன். லினக்ஸில் இயல்பாக வரும் செலக்டர் லூப்பில், சாக்கெட்டைப் பதிவு செய்தபோது எடுத்த ஒரே நகலுக்குள்தான் எல்லா பாக்கெட்டுக்கும் அது ஓடுகிறது. அதற்குள் சென்சாரின் பெயரை "மேல்காடு" என்று செட் செய்தால் அடுத்த பாக்கெட் வரும்போதும் "மேல்காடு" அங்கேயே இருக்கும். அடுத்த பாக்கெட் உடைந்து வந்து, பெயரைப் படிக்கும் முன்பே பிழை விழுந்தால், கீழ்க்காட்டின் கோளாறு மேல்காட்டுப் பெயரில் லாகில் ஏறும். கேத்தியில் அப்படி ஏறியிருந்தால் நல்லா இருக்கிற சென்சாரைக் கழற்றிக்கொண்டு வந்திருப்பார்கள்.

ஆகவே டேட்டாகிராம்_ரிசீவ்ட் உள்ளே எதையும் செட் செய்யாதீர்கள். பாக்கெட்டை வாங்கி ஒரு டாஸ்க்கை உருவாக்கிக் கையில் கொடுங்கள், அந்த டாஸ்க்கின் முதல் வரியில் செட் செய்யுங்கள். எக்ஸிக்யூட்டருக்கு (வேறு திரெட்டுகளில் வேலையை ஓட்டித் தரும் ஏற்பாடு) வேலையை அனுப்புவதாக இருந்தால் ரன்_இன்_எக்ஸிக்யூட்டர் காண்டெக்ஸ்டைக் கொண்டுபோகாது, 3.9-ல் வந்த டு_திரெட் கொண்டுபோகும்.

பழைய பதில்களில் பரிந்துரைக்கும் கெட்_ஈவென்ட்_லூப்பை இனி மறந்துவிடலாம். முன்பெல்லாம் மெயின் திரெட்டில் லூப் இல்லாவிட்டால் அதுவே ஒன்றை உருவாக்கித் தரும். பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வந்தது. 3.12-ல் அப்படி உருவாக்கினால் எச்சரிக்கை வரும், 3.14-ல் நேராகப் பிழை. ஓடும் லூப்புக்குள்ளேயே மறுபடி லூப்பை ஓட்ட விடும் நெஸ்ட்_ஏசிங்க்ஐஓ என்ற பொதியை நோட்புக்குக்குள் விளையாட வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஓட வேண்டிய லிசனரில் அதற்கு இடமில்லை.

மூடும்போது வரிசை முக்கியம். முதலில் எம்க்யூடிடி திரெட்டை நிறுத்துங்கள், அப்புறம் டிரான்ஸ்போர்ட்டை (லிசனரின் சாக்கெட்டைப் பிடித்திருக்கும் ஆப்ஜெக்ட்) மூடுங்கள். அந்தத் திரெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே லூப் மூடிவிட்டால், மூடிய லூப்பை ஆன்_மெசேஜ் தொட்டு "ஈவென்ட் லூப் ஈஸ் க்ளோஸ்ட்" என்று விழும். பாஹோவின் லூப்_ஸ்டாப் அந்தத் திரெட் முடியும்வரை காத்திருக்கும், அதனால் அதை லூப்புக்குள் நேராகக் கூப்பிடாமல் டு_திரெட் வழியாக அனுப்புங்கள். இல்லையென்றால் ஆன்_மெசேஜ் உள்ளே ஃபியூச்சரின் ரிசல்ட்டுக்காக ஒருவர், இங்கே திரெட் முடிவதற்காக ஒருவர் என்று இரண்டு பேரும் விடியும்வரை காத்திருப்பார்கள். லினக்ஸின் சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டினால் நிறுத்தும்போது வருவது சிக்டெர்ம் என்ற சிக்னல், ஏசிங்க்ஐஓ.ரன் அதைத் தானாகக் கவனிக்காது. லூப்பின் ஆட்_சிக்னல்_ஹேண்ட்லர் வைத்து ஒரு ஈவென்ட்டை செட் செய்து, மெயின் கோருட்டீன் அந்த ஈவென்ட்டுக்காகக் காத்திருக்கும்படி எழுதுங்கள். மூடும் வேலை முழுவதையும் அதற்குக் கீழே வைக்கலாம்.