தெரபிக்குப் போனாலே அழுகிறான், நிலத்தை விற்று ஊசி போடலாமா?

கேள்வி: என் மகன் 32-வது வாரத்திலேயே பிறந்தவன். இப்போது ஒன்பது மாதம். தலை இன்னும் சரியாக நிற்கவில்லை, வலது கையை எப்போதும் மூடியே வைத்திருக்கிறான், கால் இரண்டும் கத்தரி மாதிரி பின்னிக்கொள்கிறது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) என்றார் டாக்டர். வாரம் இரண்டு நாள் தெரபிக்குப் போகிறோம். அங்கே போனாலே வீறிட்டு அழுகிறான். "குறைமாசப் பிள்ளை, மூணு வயசுல எல்லாம் சரியாயிடும், எதுக்குப் போட்டு இம்சை பண்றே" என்கிறார் மாமியார். கணவரோ ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இருக்கிற அரை ஏக்கரை விற்கலாம் என்கிறார். கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணமோ என்றும் மனசு அரிக்கிறது. இவன் நடப்பானா?
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நிலத்தை விற்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், இதை முதலில் உங்கள் கணவரிடம் காட்டிவிடுங்கள். நம் நாட்டில் ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லை, வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பது ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்கள் போன்ற சிலவற்றுக்குத்தான். 2017-ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இது தெளிவாகவே இருக்கிறது. பெருமூளை வாதத்துக்குக் கொடுப்பதென்றால் முறையாகப் பதிவுசெய்த ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், அப்படி ஆராய்ச்சியில் சேருகிறவர்களிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் அது என்ன ரகம் என்று உங்களுக்கே புரியும்.

கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு மூளையின் உட்பகுதியில் இருக்கும் வெள்ளைத் திசு ரொம்பவும் மென்மையாக இருக்கும், ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும், கிருமித் தொற்று வந்தாலும் முதலில் அடிபடுவது அதுதான். கால்களுக்குப் போகும் நரம்பு இழைகள் அந்த இடத்தை ஒட்டியே போவதால்தான் இந்தக் குழந்தைகளுக்குக் கையைவிடக் காலில் இறுக்கம் அதிகமாக இருப்பதைப் பார்க்கிறோம். நீங்கள் எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதெல்லாம் இதில் வராது. யாராவது மறுபடி ஆரம்பித்தால் எழுந்து போய்விடுங்கள், பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தவன், அதனால் ஒன்பதில் இரண்டைக் கழித்து ஏழு மாதக் குழந்தையாகத்தான் அவனைக் கணக்கிட வேண்டும், டாக்டர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் ஏழு மாதக் குழந்தைக்கும் தலை நின்றிருக்க வேண்டும். அதோடு, ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டும் பயன்படுத்தி இன்னொன்றை மூடியே வைத்திருப்பது வளர்ச்சி தாமதம் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை. மூளையில் ஏற்பட்ட காயம் இனி பெரிதாகாது, ஆறிப்போகவும் போகாது. ஆனால் மூளை மிக வேகமாகப் புதிய பாதைகளைப் போடுவது இந்த முதல் இரண்டு வருடங்களில்தான், மூன்று வயதுவரை சும்மா இருந்தால் அந்தக் காலம் கையை விட்டுப் போய்விடும், தசைகளும் இறுகிக் குட்டையாகிவிடும்.

சரி, அழுகைக்கு வருவோம். கொஞ்சம் சிணுங்கினால் பரவாயில்லை, புது ஆள், புது இடம். ஆனால் உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை வீறிட்டால் அன்றைக்கு அவன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். தூங்கி எழுந்து, வயிறு அரைகுறையாக நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து மாற்றிக் கேளுங்கள். நீங்கள் கூடவே உள்ளே இருக்க வேண்டும். தெரபிஸ்ட் குழந்தையைப் படுக்கவைத்து காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறாரா, இல்லை ஒரு கிலுகிலுப்பையைக் காட்டி அவனாகவே கையை நீட்டவைக்கப் பாடுபடுகிறாரா என்று கவனியுங்கள். இழுத்துவிடுவதால் மட்டும் பெரிய பலன் கிடையாது. குழந்தை தானாக ஒன்றைச் செய்ய முயன்று, தப்பாகச் செய்து, திரும்ப முயல்வதில்தான் மூளை கற்றுக்கொள்கிறது.

அதனால் வாரத்துக்கு இரண்டு முறை அங்கே செலவழிக்கும் நேரத்தைவிட வீட்டில் கழியும் மீதி நேரம்தான் எனக்கு முக்கியம். அதற்காக நாள் முழுக்க உடற்பயிற்சி செய்யச் சொல்லவில்லை, எப்படியும் செய்கிற வேலைகளையே கொஞ்சம் மாற்றிச் செய்யுங்கள். துணி மாற்றும்போது பின்னியிருக்கும் காலைக் கணுக்காலில் பிடித்துப் பிரிக்காதீர்கள், அது இன்னும் இறுகும். இரண்டு முழங்காலையும் வயிற்றுப் பக்கம் மடக்கி, இடுப்பை மெதுவாக இப்படியும் அப்படியும் உருட்டிவிட்டு, அப்புறம் தொடையில் கைவைத்து அகட்டினால் சுலபமாக வரும். மூடிய கையும் அப்படித்தான், விரல்களை ஒவ்வொன்றாக இழுக்காமல் மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கி, கட்டைவிரலை அதன் அடியிலிருந்து வெளியே எடுத்தால் மற்ற விரல்கள் தாமாக விடும். தூக்கும்போது நம் ஊர் வழக்கப்படி இடுப்பில், கால் இரண்டையும் அகட்டி, முதுகுக்குக் கைகொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக் காலுக்கு இதைவிட நல்லது இல்லை. விழித்திருக்கும் நேரம் தூளியில் வேண்டாம், நெஞ்சுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துப் பாயில் குப்புறப் போடுங்கள், முகத்துக்கு எதிரே நீங்களும் படுத்துக்கொண்டு பேசினால் தலையைத் தூக்குவான். உட்காரவைத்து உருட்டும் ரவுண்ட் வாக்கர் வாங்கவே வாங்காதீர்கள், இந்தக் குழந்தைகள் அதில் நுனிக்காலை ஊன்றித் தள்ளித் தள்ளி இறுக்கத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். மாமியாருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யட்டும், அழுத்தி முறுக்காமல் இருந்தால் போதும். ஆனால் பாலாடையில் புகட்டும்போது படுக்கவைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் பார்த்துக் கொடுங்கள். சாப்பிடும்போது அடிக்கடி இருமினால், அடிக்கடி சளி கட்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூங்கி எழும்போது திடீரென்று தலையும் உடம்பும் முன்னால் மடங்கி, கை விரிந்து, அது சில நொடி இடைவெளியில் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால் அன்றைக்கே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பயந்து தூக்கிப் போடுது" என்று வீட்டில் சொல்வார்கள், அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். கண், காது பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள்.

செலவு விஷயம். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கிறது, பிசியோ, பேச்சு, கண், காது எல்லாம் இலவசம். உங்கள் பக்கத்துக்குத் தென்காசி ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கமும் தூரம் இல்லை. மாற்றுத்திறனாளி சான்றும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கிவிட்டால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம், வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் அதில் இடம் உண்டு. சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும் என்று தயங்காதீர்கள்.

நடப்பானா என்றால், ஏழு மாதக் குழந்தையை வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, சொன்னால் நம்பவும் வேண்டாம். இரண்டு வயதுக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிற குழந்தைகளில் பெரும்பாலோர் பின்னால் நடக்கிறார்கள், சிலர் காலைத் தாங்கும் ஸ்பிளிண்ட் போட்டு, சிலர் கையால் பிடித்து நடக்கும் வாக்கர் துணையோடு. இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள், வலி தெரிவதற்கு முன்பே அதில் தெரிந்துவிடும். தெரபிஸ்டிடம் நடப்பானா என்று கேட்காமல், அடுத்த மூன்று மாதத்தில் இவன் எதைச் செய்ய வேண்டும் என்று பார்க்கிறீர்கள், அதற்கு வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தால் மாமியாரையும் உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள். அதற்குத் தெரபிஸ்டிடம் நேரான பதில் இல்லை என்றால் அவரை மாற்றுங்கள்.