மே மாத மதுரையில் கோட் போட்டு மீட்டிங் போக முடியுமா?

மே மாதம் மதுரையில் வாடிக்கையாளர்களைச் சந்திக்க வேண்டும், கோட் அவசியமா, வியர்வையில் நனையாமல் எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எடைத் தராசு விற்பவன். சிம்மக்கல்லிலிருந்து கப்பலூர் சிட்கோ வரைக்கும் பைக்கில்தான் அலைச்சல்.

முதல் வருடம் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்னி நட்சத்திரம். வானநீலச் சட்டை, முதுகில் பை. ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியில் ஈரம், சட்டையில் பையின் வார் படிந்த இடமெல்லாம் கருநீலப் பட்டை. பர்ச்சேஸ் மேனேஜர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “முதல்ல தண்ணி குடிக்கிறீங்களா?” அதற்கப்புறம் விலை பேச எனக்கு வாயே வரவில்லை.

வானநீலமும் சாம்பல் நிறமும் வியர்வையை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை காட்டாது. பையை முதுகில் மாட்டாமல் டேங்க் மேல் வையுங்கள்.

அடுத்தது துணி. விளக்குத்தூண் பக்கம் ஒரு கடைக்காரர் சொல்லித்தந்தது: துணியை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று பட்டால் வாங்கலாம். பாலியெஸ்டர் கலந்தது கசங்காதுதான், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. லினன் நல்லது, நாலு முறை உட்கார்ந்து எழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கித் தெரியும். அதனால் என் ஓட்டு பருத்திக்குத்தான். மொடமொடவென்று கஞ்சி மட்டும் போடாதீர்கள், காற்றுப் போகிற ஓட்டையை அதுவே அடைத்துவிடும். உள்ளே பருத்திப் பனியன் கட்டாயம்.

கோட்டா? மாசி வீதிக் கடைக்காரர்களிடம் கோட்டோடு போனால் லோன் வசூலுக்கு வந்த ஆள் என்று நினைப்பார்கள். ஹோட்டலில் பெரிய மீட்டிங் என்றால் சரி, தேவைப்படும். என் தையல்காரர் அண்ணன் சொன்னதைச் சொல்கிறேன்: “மேல் துணி ஒண்ணும் பண்ணாது தம்பி, உள்ள வைக்கிற லைனிங்தான் வேக வைக்குது.” முதுகுப் பக்கம் லைனிங் இல்லாமல் தைத்துத் தந்தார். அதையும் கையில் கொண்டுபோய், உள்ளே நுழையும்போதுதான் போடுவேன்.

இந்த ஊரில் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் முழு மரியாதையான உடைதான். சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடாமல் போய், அப்படித் தடுக்கக் கூடாது என்று 2014-இல் சட்டமே போட்டார்கள்.

பெண்களுக்கு என் மனைவி சொல்வது, சுங்குடிச் சேலை. பருத்தி, பாரம் இல்லை, 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. ஆபீசுக்கு அடர் நிறத்தில் சின்னப் புள்ளி போதுமாம்.

அப்புறம், பத்து நிமிடம் முன்னாலேயே போய்விடுங்கள். போனதும் உள்ளே நுழையாதீர்கள். வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி, முகம் கழுவி, கழுத்தில் ஊறுவது நிற்கிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.