நீரடிக் கேமரா ஹவுசிங்கில் விழுந்த விரிசலை ஒட்டிப் பயன்படுத்தலாமா?

பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உங்கள் ஹவுசிங்கின் (கேமராவைத் தண்ணீர் புகாமல் காக்கும் உறையின்) திருகுத் துளையருகே மெல்லிய விரிசல் தெரிவதாகவும், அதைப் பசையிட்டு ஒட்டிவிட்டு 20 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் பதில்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 20 மீட்டரில், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் கழித்த பிறகும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 2 கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்துகிறது. அது விரிசலின் முனையில் குவிவதால், கரையில் அசையாமல் இருந்த விரிசல் ஆழத்தில் சட்டென நீளக்கூடும். உடனடிப் பசை இதைத் தடுக்காது. இறுக்கத்தில் உள்ள பாலிகார்பனேட்டில் அந்தப் பசையின் சயனோஅக்ரிலேட் புதிய விரிசல்களையே உண்டாக்கக்கூடும்.

ஆனால், அது வெறும் கீறலா என்று முதலில் பார்த்துவிடுங்கள். விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சும்போது பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் ஒரு தளம் மின்னினால் அது விரிசல். அக்ரிலிக் முகப்பில் விழுந்த மேலோட்டமான கீறலை மிக நுண்ணிய தேய்ப்புத் தாள்களால் மெருகேற்றிவிடலாம். விரிசல், தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அமரும் பள்ளத்தைத் தொட்டிருந்தாலோ பேச்சுக்கே இடமில்லை, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

திருகுத் துளையருகே தொடங்கியதால், அளவுக்கு மீறி முறுக்கியதே காரணமாக இருக்கலாம். அசிட்டோன் போன்ற கரைப்பான்களால் துடைப்பதும், சில சன்ஸ்கிரீன்கள் படிவதும் இதே கேட்டைச் செய்யும். பாகத்தை மாற்றிய பின், கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ தாளும் கொஞ்சம் எடையும் வைத்து ஒருமுறை இறக்கிப் பாருங்கள். தாளில் ஈரப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் கேமராவை உள்ளே வைக்காதீர்கள்.