நீலப்புகைக்கு எஞ்சினைப் பிரிக்கணுமா?

கேள்வி: என் 1994 மாருதி 800 காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலமாகப் புகைகிறது. வீட்டிலேயே மலிவாக எஞ்சின் வேலை செய்யலாமா?

பதில்: அவசரப்பட்டு ஸ்பேனரை எடுக்காதீங்க தம்பி. காலையில் மட்டும் புகைந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு வழியா ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்தான்; எஞ்சினை இறக்கவே வேண்டாம். ஓடும்போதும் புகைந்தால் மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகியுங்கள்.

பிரிப்பது, கழுவுவது, பூட்டுவது உங்கள் வேலை. கூலி அதில்தான் மிச்சம். அளவெடுப்பதும், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங்கும் லேத் பட்டறை வேலை. போர் அளவு, அதாவது சிலிண்டரின் உள்விட்டம், தெரியாமல் பிஸ்டன் வாங்காதீர்கள். கிராங்க் என்ற சுழலும் தண்டைப் பிடித்திருக்கும் பேரிங் கேப்களில், கழற்றும்போதே எத்தனையாவது, எந்தத் திசை என்று குறியுங்கள். என் முதல் எஞ்சினில் இரண்டு கேப்பை மாற்றிப் பூட்டி, கிராங்க் சுற்றாமல் ராத்திரி முழுக்க முழித்தேன்! கசியாமல் தடுக்கும் கேஸ்கட், வால்வுகளை கிராங்கோடு சேர்த்து ஓட்டும் டைமிங் பெல்ட் இரண்டிலும் கஞ்சத்தனம் கூடாது. போல்ட்டைச் சரியான அளவு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சை மட்டும் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கைக்கணக்கில் ஹெட் போல்ட்டை முறுக்கினால், கேஸ்கட் காசு இரண்டாவது முறையும் போகும்.