ஆபத்தான சரக்கைக் குறைத்தால் ஆலையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. இரண்டையும் எப்படிச் சமன் செய்வது?

கேட்டிருப்பது இதுதான்: நச்சோ எரிபொருளோ கலனில் எவ்வளவு குறைவாக நிற்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் கலன் சிறிதானால் வெப்பமும் செறிவும் சட்டென்று மாறி, கன்ட்ரோல் லூப் (அளந்து பார்த்து வால்வைத் திருத்தும் சுற்று) திணறுகிறது. டர்பனில் ஒரு சிறு ரசாயனப் பிரிவை வடிவமைப்பவர் எதை விட்டுக்கொடுப்பது?

சரக்கைக் குறைப்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். குறைக்கவேண்டியது லூப்பின் தாமதத்தை, அதாவது மாற்றம் நிகழ்ந்ததிலிருந்து வால்வு அசைவதுவரை ஆகும் நேரத்தை. ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் தாங்கல் தொட்டி வேண்டும் என்றால் அதை நச்சில்லாத ஓட்டத்தில் வையுங்கள்.

1973 ஜூலை 13 அன்று தென்னாப்பிரிக்காவின் பொச்செஃப்ஸ்ட்ரூம் நகர உர ஆலையில் 50 டன் அம்மோனியா தொட்டியின் முனை மூடி உடைந்தது. சுமார் 38 டன் வெளியேறி 18 பேர் இறந்தார்கள். உலோகம் உடைந்த நொடியில் எந்த லூப்பும் உதவியிருக்காது. அங்கே இருந்த அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. டர்பனின் மெர்பேங்கிலும் வென்ட்வர்த்திலும் ஆலை வேலிக்கு அந்தப் பக்கமே வீடுகள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

இப்போது கணக்கு. கட்டுப்பாடு எதுவும் இல்லாவிட்டால் இடையூறு செறிவை எவ்வளவு விலக்கும்? அது அனுமதித்த விலகலைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். நன்றாகக் கலங்கும் கலனுக்குக் குறைந்தபட்சக் கொள்ளளவு, தோராயமாக, அந்த மடங்கு × லூப்பின் தாமதம் × ஓட்டம். மணிக்கு 6 கன மீட்டர் ஓட்டம், 8 மடங்கு இடையூறு என்று வைத்துக்கொள்வோம். மாதிரிக் குழாயில் ஒன்றரை நிமிடம், செறிவை அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் கருவியின் ஒரு சுற்றுக்கு 7 நிமிடம், வால்வுக்கு அரை நிமிடம், ஆக 9 நிமிடத் தாமதம். 8 × 9 × 0.1 = 7.2 கன மீட்டர். அதே இடத்தில் குழாயிலேயே அடர்த்திமானி பொருத்தித் தாமதத்தை ஒரு நிமிடமாக்கினால் 0.8 கன மீட்டர் போதும். இது மிச்சம் எதுவும் வைக்காத விளிம்புக் கணக்கு. நடைமுறையில் இரண்டு மடங்கு வையுங்கள். அப்படியும் நச்சுச் சரக்கு ஒன்பதில் ஒரு பங்காகிறது. கலனைச் சுருக்கும் செலவில் ஒரு பகுதியை அளவுக் கருவிக்கு ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

தாமதம் ஒளிந்திருக்கும் இடங்கள் அற்பமானவை. உள்விட்டம் 4 மில்லிமீட்டர் மாதிரிக் குழாய் 60 மீட்டர் ஓடினால் அதற்குள் முக்கால் லிட்டர் நிற்கும்; நிமிடத்துக்கு அரை லிட்டர் எடுத்தால் மேலே சொன்ன ஒன்றரை நிமிடம் அங்கேயே போய்விடுகிறது. தெர்மோவெல்லின் (வெப்பநிலை சென்சாரைச் செருகும் உறைக்குழாய்) அடியை சென்சார் தொடாமல் காற்றிடைவெளி இருந்தால் வெப்பநிலை தாமதமாகத்தான் தெரியும். ஸ்பிரிங் வைத்த சென்சார் போட்டு முனையை அடியில் அழுத்தி வையுங்கள்.

சிறிய கலன் என்றாலே கட்டுப்பாடு கெடும் என்பதும் சரியல்ல. வெடிபொருளான நைட்ரோகிளிசரினின் தயாரிப்பைப் பாருங்கள். பழைய முறையில் சுமார் ஒரு டன் சரக்குள்ள பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் வினை நடக்கும். தூங்கிவிடாமலிருக்க ஒற்றைக்கால் இருக்கையில் உட்கார்ந்து ஓர் ஆள் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வந்த இன்ஜெக்டரில் அமிலம் ஒரு குறுகிய வாய் வழியே பாய்ந்து, அதன் உறிஞ்சலால் கிளிசரினை இழுத்துக்கொள்கிறது. வினை இரண்டே நிமிடம், உள்ளே சில கிலோதான். அமில ஓட்டம் தளர்ந்தால் உறிஞ்சல் தளரும், கிளிசரின் தானே நின்றுவிடும். வால்வு மூடவேண்டியதில்லை, யாரும் விழித்திருக்கவும் வேண்டியதில்லை. உங்கள் ஆபத்தான ஊட்டத்தையும் இன்னோர் ஓட்டம் இழுத்துவரும்படி அமைக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

வெப்பம் உமிழும் வினைக்கு இன்னொரு சோதனை உண்டு. வினைபடுபொருள் தீர்ந்துபோவதால் வரும் தணிப்பை நம்பாமலே ரியாக்டர் நிலையாக நிற்க வேண்டும் என்றால், ரியாக்டருக்கும் அதைச் சுற்றிய குளிர்விக்கும் உறையான ஜாக்கெட்டுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் RT²/E-ஐத் தாண்டக்கூடாது (R வாயு மாறிலி, T கெல்வினில் ரியாக்டர் வெப்பநிலை, E கிளர்வு ஆற்றல்). 77 டிகிரியில், கிளர்வு ஆற்றல் மோலுக்கு 80 கிலோஜூல் என்றால், அது சுமார் 13 டிகிரி. 5 டிகிரி சில்லர் நீரைச் சிறிய ஜாக்கெட்டில் விட்டுக் குளிர்விக்கும் வடிவமைப்பில் வித்தியாசம் 72 டிகிரி. லூப் ஒன்று மட்டுமே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சென்சார் பழுதானால் வெப்பநிலை கட்டுமீறி ஏறிவிடும். அதே வெப்பத்தை 13 டிகிரி வித்தியாசத்தில் எடுக்க ஐந்தரை மடங்கு பரப்பு வேண்டும். சிறிய கலனுக்குக் கொள்ளளவைப் பார்க்கும்போது பரப்பு அதிகம் என்பதால், இங்கே சரக்குக் குறைப்பும் கட்டுப்பாடும் ஒரே பக்கம் இழுக்கின்றன. வெளியே எக்ஸ்சேஞ்சர் போட்டுப் பரப்பைக் கூட்டலாம், ஆனால் பம்ப் சீல் கசிவும் கூடுதல் சரக்கும் கூடவே வரும். கரைப்பானைக் கொதிக்கவிட்டு மேலே கன்டென்சரில் குளிர்விப்பது பல சமயம் நல்லது. வெப்பம் கூடினால் ஆவியும் கூடி, தானே தணியும்.

தாங்கல் எங்கே வைப்பது என்பதற்குக் கழிவுநீர் நடுநிலையாக்கம் நல்ல உதாரணம். நொடிக்கு 10 லிட்டர், தாமதம் 10 நொடி, இடையூறு பத்து லட்சம் மடங்கு என்றால் ஒரே தொட்டிக்கு ஒரு லட்சம் கன மீட்டர் வேண்டும். மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றும் நூறு மடங்கை மட்டும் தணித்தால் போதும்; தொட்டிக்கு 10, மொத்தம் 30 கன மீட்டர். உள்ளே இருப்பது நீர்த்த கழிவு என்பதால் இங்கே 30 கன மீட்டருக்கு அஞ்ச வேண்டாம்.

கடைசியாக, நம் ஊரில் மறக்கக்கூடாதது: லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு). மின்சாரம் போனால் கலக்கியும் பம்பும் கம்ப்ரசரும் ஒன்றாக நிற்கும். ஊட்ட வால்வு காற்றின்றி ஸ்பிரிங்கால் மூட வேண்டும், குளிர்நீர் வால்வு திறக்க வேண்டும், நீர் மேல்தொட்டியிலிருந்து தானே இறங்க வேண்டும். ஊட்டத்தைத் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கைக் கலக்கியின் கான்டாக்டரில் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) கட்டாதீர்கள், மோட்டார் எடுக்கும் கிலோவாட்டில் கட்டுங்கள்; மோட்டாரையும் கலக்கியையும் இணைக்கும் கப்ளிங் உடைந்தால் மோட்டார் சுற்றும், உள்ளே கலக்கியின் இலை சுற்றாது. மின்சாரம் திரும்பியதும் கலக்கியை உடனே ஓட்டுவதுதான் மிக ஆபத்து: இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றவை ஒரே நொடியில் கலந்து வினைபுரியும். மொத்த ஊட்டக் கணக்கிலிருந்து வினையாகாமல் தங்கியது எவ்வளவு என்று பாருங்கள். அது முழுவதும் வினையானால் எட்டும் வெப்பநிலை, சிதைவு தொடங்கும் வெப்பநிலைக்கும் கொதிநிலைக்கும் நன்றாகக் கீழே இருந்தால் மட்டும், முழுக் குளிர்ச்சி கொடுத்துக் கலக்கியைச் சில நொடி சுற்றி நிறுத்துங்கள். வெப்பம் ஏறி இறங்கும்வரை காத்திருந்து மறுபடி சுற்றுங்கள். இல்லையென்றால் கலக்கியைத் தொடாமல், வினையை அணைக்க முன்பே தயாராக வைத்திருக்கும் தணிப்புத் தொட்டிக்குள் உள்ளே இருப்பதை இறக்கிவிடுங்கள்.