கனடாவில் அதிகம் செலவில்லாமல் புதிய பயணிகள் ரயில், பஸ் பாதைகள் தொடங்கலாம் என்றால் நீங்கள் எங்கே தொடங்குவீர்கள்?

புதிதாக ஒரு மீற்றர் சுரங்கம்கூடத் தோண்ட மாட்டேன். ஏற்கெனவே கிடக்கிற தண்டவாளத்தில் பயணிகள் ரயில் விடுவேன்.

ஒட்டாவா இதை 2001இலேயே செய்து காட்டியது. சரக்கு ரயிலுக்கென்று போட்ட 8 கிலோமீற்றர் ஒற்றைத் தண்டவாளம், ஐந்து நிலையங்கள், மூன்று டீசல் ரயில்கள். இரண்டு ஓடும், ஒன்று கையிருப்பில் நிற்கும். எதிரெதிரே வருகிறவை விலகிக்கொள்ள, கார்ல்ற்றன் பல்கலைக்கழக நிலையத்தில் மட்டும் இரட்டைப் பாதை. 15 நிமிடத்துக்கு ஒரு ரயில். எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ 21 மில்லியன் டொலர்தான் செலவு. சும்மா ஒரு பரிசோதனை என்று சொல்லித் தொடங்கினார்கள். சனம் ஏறியது, சேவை நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே 1967இல் ரொறன்ரோவில் கோ என்ற புறநகர் ரயில் பிறந்ததும் இப்படித்தான்: சீஎன் ரயில் நிறுவனத்தின் தண்டவாளம், பரிசோதனை என்ற பெயர்.

இப்போது நான் இருக்கும், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு வாருங்கள். 1985இல் திறந்த எங்கள் ஆர்ட்டி என்ற நகர ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டது. பிறகு ஓடவே இல்லை. அதன் இடத்தில் வரப்போகும் சப்வே, அதாவது சுரங்க ரயில், 7.8 கிலோமீற்றர், மூன்றே நிலையங்கள். 2019இல் சொன்ன மதிப்பீடு 5.5 பில்லியன் டொலர். நீளம் கிட்டத்தட்ட ஒட்டாவாவினது தான்! சப்வே ஏற்றும் கூட்டத்தைச் சின்ன டீசல் ரயில் ஏற்றாது என்பது சரி. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் சப்வே அளவு கூட்டம் எங்கே இருக்கிறது?

என் முதல் பாதை ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே இருக்கும் பீற்றர்பரோ நகரத்துக்கு. ஸ்காபரோவின் ஏஜின்கோட்டிலிருந்து மிர்ட்டில், பொன்டிபூல் வழியாக அந்தத் தண்டவாளம் இன்றும் இருக்கிறது. ஹவ்லொக் பக்கத்துச் சுரங்கங்களின் கனிமச் சரக்கு அதில் ஓடுகிறது. நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனமான வியா அதில் பயணிகள் ரயில் ஓட்டியிருக்கிறது. 1990 ஜனவரியில் நாடு முழுக்கச் சேவைகளை வெட்டித் தள்ளியபோது இதுவும் போனது. என் பெறாமகள் அங்கே ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஸ்காபரோவிலிருந்து கோ ரயிலில் ஒஷாவா போய், அங்கே 88ஆம் இலக்க பஸ் பிடித்துப் போகிறாள். பனி கொட்டும் நாளில் நெடுஞ்சாலையில் அந்த பஸ் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

உக்கிய சிலிப்பர் கட்டைகளை மாற்றி, கடவைகளில் தடுப்புப் போட்டு, இடையில் ஓரிரண்டு இடத்தில் விலகுபாதை அமைத்தால் போதும். காலையில் மூன்று, மாலையில் மூன்று, பகலில் ஒன்று. இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் எனக்குத் திருப்தி. ரொறன்ரோவிலிருந்து கியூபெக் நகரம் வரை மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஆல்ற்றோ ரயிலும் பீற்றர்பரோ வழியாகத்தான் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதன் மதிப்பீடு 60 முதல் 90 பில்லியன் டொலர் வரை. அது வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் பெறாமகளின் பட்டமளிப்புக்கு முன் வராது.

தடையாக இருப்பது காசைவிடத் தண்டவாளத்தின் சொந்தக்காரர்தான். வியா தான் ஓடும் பாதையில் ஏறத்தாழ 3 வீதத்துக்கு மட்டுமே சொந்தக்காரன். மீதி பெரும்பாலும் சீஎன், சீபீகேசீ என்ற சரக்கு நிறுவனங்களுடையது. மிசிசாகாவின் மில்ற்றன் பாதையைப் பாருங்கள். அத்தனை சனம் இருந்தும் வேலை நாட்களில் காலையில் நகரத்துக்கு, மாலையில் திரும்பி வர என்று மட்டுமே ரயில். சனி, ஞாயிறில் ஒன்றும் இல்லை. பாதை சீபீகேசீயினது. மாகாணமே பெரும்பகுதியை வாங்கிவிட்ட லேக்‌ஷோர் பாதையிலோ நாள் முழுக்க இரு பக்கமும் ஓடுகிறது. அமெரிக்காவில் சரக்கைவிட அம்ட்ராக் பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை என்று சட்டமே இருக்கிறது. அங்கேயும் அதைச் சரியாகக் கடைப்பிடிப்பதில்லை என்ற புகார் உண்டுதான், ஆனால் இங்கே அப்படி ஒரு சட்டமே கிடையாது. நான் முதலில் கேட்பது அந்தச் சட்டத்தைத்தான்.

ரொறன்ரோவின் நடுவே ஏஜின்கோட், லீசைட், சமர்ஹில், டுபொன்ட் என்று போகும் தண்டவாளத்தைப் பற்றியும் பலர் கனவு காண்கிறார்கள். நானும்தான். சப்வே நிலையத்துக்குப் பக்கத்திலேயே, மணிக்கூட்டுக் கோபுரத்தோடு பழைய வடரொறன்ரோ நிலையம் நிற்கிறது. இப்போது அது அரச மதுக்கடை. பயணிகளைவிடப் போத்தல்களுக்கு அங்கே மரியாதை. ஆனால் அது சீபீகேசீயின் பிரதான சரக்குப் பாதை. பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் போடாமல் அடிக்கடி ரயில் விட முடியாது. அழகான பாதை, மலிவான பாதை இல்லை.

மேற்கே போனால் நான் ரயிலே கேட்க மாட்டேன். சஸ்கற்சுவான் மாகாண அரசு தன் பஸ் சேவையை 2017இல் மூடியது. அடுத்த வருடம் கிரேஹவுண்ட் பஸ் நிறுவனம் மேற்கை விட்டுப் போனது, 2021இல் கனடாவுக்குள் ஓடிய மீதிச் சேவைகளையும் நிறுத்தியது. அந்த மாகாணத்தின் பெரிய நகரங்களான றெஜைனாவுக்கும் சஸ்கற்றூனுக்கும் இடையில் பயணிகள் ரயில் கிடையாது. அங்கே தேவை ஒரு நாளில் பல தடவை நேரத்துக்கு ஓடும் பொது பஸ்ஸும், காத்திருக்கச் சூடான அறையும். சாலை ஏற்கெனவே இருக்கிறதே.

கட்டணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ரொறன்ரோ விமான நிலைய ரயில் 2015இல் 27.50 டொலர் கட்டணத்தோடு தொடங்கி வெறுமையாக ஓடியது. அடுத்த மார்ச்சில் 12 டொலராகக் குறைத்ததும் நிரம்பத் தொடங்கியது. அதே ரயில், அதே பாதை. ஆகவே என் பீற்றர்பரோ ரயிலுக்கு 15 டொலர், மாணவருக்கு 10. 2024 முதல் கோ ரயிலில் இருப்பதுபோல் ரிரிசி என்ற ரொறன்ரோ நகர பஸ், சப்வேக்கு மாறுவதும் அதற்குள் அடக்கம். அதைவிடக் கூட்டினால் சனம் 115ஆம் நெடுஞ்சாலையில் காரிலேயே போகும்.