ஆட்சி ஆட்டம் காணும்போது மியூசியத்துல முதல்ல எதைக் காப்பாத்தணும்?

கேள்வி: எங்க நாட்டுல அரசாங்கம் எப்ப கவிழும்னே தெரியல, போலீஸ் ஸ்டேஷன் பாதி நாள் பூட்டியே கிடக்கு. நான் ஒரு சின்ன மியூசியத்துல பதிவேட்டுக்குப் பொறுப்பு. காகித ரெஜிஸ்டர் மட்டும்தான் இருக்கு, போட்டோ ரொம்பக் கம்மி. பக்கத்துலயே பாதி தோண்டின அகழாய்வு மேடு ஒண்ணு, அதுக்கு வாட்ச்மேன் சம்பளமும் நின்னுபோச்சு. முதல்ல எதைச் செய்யறது? பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பிடலாமா? திருடு போனா திரும்பக் கிடைக்குமா? மேட்டுல கிடைச்சதுன்னு ஒருத்தர் சில பொருளைக் காட்டி விலை பேசறார், வாங்கி வெச்சுக் காப்பாத்தறது சரியா?

பதில்: பொருளைத் தொடறதுக்கு முன்னாடி ரெஜிஸ்டரைக் காப்பாத்துங்க. இன்னைக்கே, இதைப் படிச்சு முடிச்சதும், உங்க போன்ல முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒவ்வொண்ணா போட்டோ எடுத்துடுங்க. ஸ்கேனர் வரட்டும், பட்ஜெட் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, திருட்டுக் கலைப்பொருளைத் திருப்பி வாங்கறதுக்கு நாடுகள் எல்லாம் நம்பிட்டிருக்கற 1970 யுனெஸ்கோ ஒப்பந்தத்துலயே, மியூசியத்துலேர்ந்து திருடு போன பொருள்னா அது அந்த மியூசியத்தோட பதிவேட்டுல இருந்ததுன்னு ஆவணம் இருக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு. அதாவது பொருள் லண்டன்லயோ நியூயார்க்லயோ கண் முன்னாடி நின்னாலும் இது எங்களுதுன்னு சொல்ல உங்க கையில காகிதம் வேணும். பொருள் போய் காகிதம் மிஞ்சினா போராடலாம், ரெண்டும் ஒரே ராத்திரியில ஒரே கட்டிடத்துல எரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. 1981ல யாழ்ப்பாணம் நூலகம் எரிஞ்சப்போ கிட்டத்தட்ட 97,000 புத்தகத்தோட, வேற எங்கயும் நகல் இல்லாத ஓலைச்சுவடிகளும் சேர்ந்து போச்சு, அந்த இழப்பை இன்னைக்கு வரைக்கும் யாராலயும் ஈடுகட்ட முடியல.

அடுத்தது பொருளோட போட்டோ. இதுல நிறைய பேர் அழகா எடுக்கணும்னு நினைச்சு நேரத்தை வீணாக்கறாங்க. உதாரணத்துக்கு ஒரு மண் குடுவையை எடுத்துக்கோங்க. வெறும் துணி மேல வெச்சு, பக்கத்துல ஒரு ஸ்கேலும் பதிவு எண் எழுதின சீட்டும் வெச்சு, முன்னாடி, பின்னாடி, அடிப்பக்கம், வாய்ப்பக்கம்னு எடுங்க. அதுக்கப்புறம்தான் முக்கியமான போட்டோவே, விளிம்புல ஒரு சில்லு போயிருக்கும், கழுத்துல ஒரு விரிசல் சாய்வா ஓடும், எப்பவோ யாரோ ஒட்டின பசைக் கோடு தெரியும், அதையெல்லாம் கிட்டக்கப் போய் எடுங்க. ஒரே அச்சுல வார்த்த மாதிரி நூறு குடுவை இருக்கலாம், ஆனா அதே இடத்துல அதே வடிவத்துல சில்லு போன குடுவை ஒண்ணுதான். என்ன பொருள், எதால செஞ்சது, அளவு, எழுத்து இருந்தா எழுத்து, காலம், தனி அடையாளம்னு சில வரி எழுதிடுங்க, ஆப்ஜெக்ட் ஐடின்னு போலீஸும் கஸ்டம்ஸும் உலகம் பூரா பயன்படுத்தற படிவம் கிட்டத்தட்ட இதுதான். நூல்ல கட்டின சீட்டை ஒரு கத்தரியால வெட்டி எறிஞ்சிடுவாங்க, அதனால பதிவு எண்ணை அந்தப் பொருள் மேலயே கண்ணுல படாத இடத்துல எழுதணும், நேரா இல்ல, அடியில பாராலாய்டு பி-72ங்கற தெளிவான பிசின் ஒரு பூச்சு, அது மேல இங்க், அது மேல இன்னொரு பூச்சு. அது பின்னாடி தேவைப்பட்டா கரைச்சு எடுத்துடலாம்.

எல்லாத்தையும் முடிக்க நேரம் இல்லன்னா சின்னதுலேர்ந்து ஆரம்பிங்க. நாணயம், முத்திரை, நகை, சின்ன வெண்கலம். பாக்கெட்டுல போற பொருள்தான் முதல்ல போகும், அதுதான் சீக்கிரம் விக்கும். பெரிய கல் சிலைக்கு மணல் மூட்டை போதும். போட்டோவும் ரெஜிஸ்டர் நகலும் மூணு இடத்துல இருக்கட்டும், ஒண்ணு ஊருக்கு வெளிய, ஒண்ணு நாட்டுக்கு வெளிய நம்பகமான ஒரு பல்கலைக்கழகத்துலயோ மியூசியத்துலயோ.

இனி பொருளை எங்க வைக்கறதுங்கறது. பாக்தாத் மியூசியத்துல 2003 போருக்கு முன்னாடி ஊழியர்கள் காட்சிப் பெட்டிகள்லேர்ந்து 8,366 பொருளை எடுத்து ஒரு ரகசிய இடத்துல வெச்சுட்டு யார்கிட்டயும் சொல்றதில்லன்னு குரான் மேல சத்தியம் பண்ணாங்க, அவ்வளவும் தப்பிச்சுது. ஆனா ஏப்ரல்ல கும்பல் உள்ள புகுந்தப்போ வேற இடங்கள்லேர்ந்து போனது ஏறக்குறைய 15,000. அதுல பேஸ்மென்ட் ஸ்டோர்ல நடந்ததைக் கவனிங்க. அங்க வந்தவங்க சும்மா வந்தவங்க இல்ல, சாவியோட வந்தாங்க, எந்த மூலையில நாணயமும் முத்திரையும் இருக்குன்னு தெரிஞ்சு வந்தாங்க. கரண்ட் இல்லாததால பேக்கிங் ஃபோமைக் கொளுத்தி வெளிச்சம் பண்ணியிருக்காங்க, அந்த இருட்டுலயும் புகையிலயும் சாவி கீழ விழுந்து தொலைஞ்சதாலதான் நாணய அலமாரிகள் தப்பிச்சுது. கிட்டத்தட்ட 5,000 உருளை முத்திரைகள், அதாவது களிமண் மேல உருட்டி அச்சு பதிக்கற சின்ன உருளைகள், தப்பிக்கல. அதனால சாவி யார்கிட்ட இருக்குங்கறதை, கஷ்டமா இருந்தாலும், உள்ளேயே கேட்டுத் தெளிவு பண்ணிக்கோங்க. பெட்டிக்கு வெளிய எண் மட்டும் எழுதுங்க, உள்ள என்னன்னு எழுதாதீங்க.

அதே சமயம் ரகசியம் ஒரே ஒரு தலைக்குள்ள இருக்கக் கூடாது. ஆப்கானிஸ்தான்ல தில்லியா தெபேல 1978ல கிடைச்ச 20,000க்கும் மேற்பட்ட தங்கப் பொருள்களை 80களோட கடைசியில காபூல் அதிபர் மாளிகையில இருந்த மத்திய வங்கிப் பெட்டகத்துல பூட்டி வெச்சாங்க, தெரிஞ்ச சிலர் தாலிபான் காலம் முழுக்க வாயைத் திறக்கல, 2003லதான் அது பத்திரமா இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சுது. உங்க விஷயத்துல மூணு பேருக்குத் தெரிஞ்சா சரியா இருக்கும், கூடவே சீல் வெச்ச ஒரு கடிதம் ஊருக்கு வெளிய இருக்கட்டும்.

மறைச்சு வெச்சா போதும்னும் நினைச்சுடாதீங்க. லெபனான்ல பெய்ரூட் மியூசியம் உள்நாட்டுப் போர்ல ரெண்டு தரப்புக்கும் நடுக்கோட்டுலயே மாட்டிக்கிச்சு. இயக்குநர் மோரிஸ் ஷெஹாபும் அவர் மனைவி ஓல்காவும் தரை மொசைக்கை பிளாஸ்டிக் போட்டு மேல கான்கிரீட் ஊத்தினாங்க, பெரிய கல் சவப்பெட்டிகளைச் சுத்தி கான்கிரீட் பெட்டியே கட்டினாங்க, சின்னப் பொருள்களை பேஸ்மென்ட்ல வெச்சு வாசலைச் சுவர் எழுப்பி அடைச்சாங்க. குண்டுக்கும் கொள்ளைக்கும் அது தாங்கிச்சு, பெரிய சாதனை அது. ஆனா அடைச்ச பேஸ்மென்ட்ல தண்ணி ஏறி, ஈரத்துல நிறைய பொருள் கெட்டுப்போச்சு. அதனால தரையை விட்டு ஒரு சாண் உயரத்துல பலகை போட்டு அடுக்குங்க, வெண்கலத்தையும் இரும்பையும் தனியா மூடி போட்ட டப்பாவுல ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல்லோட வைங்க, பஞ்சும் நியூஸ்பேப்பரும் பொருளை நேராத் தொட விடாதீங்க.

ஒண்ணு மட்டும் கறாராச் சொல்லிடறேன். உயிரைக் கொடுத்துப் பொருளைக் காக்கணும்னு யாரும் உங்ககிட்ட எதிர்பார்க்கக் கூடாது, நீங்களும் உங்க ஆளுங்ககிட்ட எதிர்பார்க்கக் கூடாது. சிரியாவோட பழங்கால நகரமான பல்மைராவுல வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த காலித் அல் அஸாத் 80 வயசு தாண்டினவர், 2015 ஆகஸ்ட்ல ஐஎஸ் கும்பல் அவரைக் கொன்னுது, பொருள் எங்க இருக்குன்னு சொல்ல மறுத்தார்னு செய்திகள் சொல்லுச்சு. அவரை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது. கதவை உடைக்கறாங்கன்னா கிளம்பிடுங்க.

வெளிநாட்டுக்கு அனுப்பறது பத்தி. நடந்திருக்கு, நல்லாவும் நடந்திருக்கு, சுவிட்சர்லாந்துல புபென்டோர்ஃப்ங்கற ஊர்ல ஆப்கன் பொருள்களுக்குன்னே ஒரு மியூசியம் நடத்தி, 2007ல சுமார் 1,400 பொருள் காபூலுக்கே திரும்பிப் போச்சு. ஆனா அது யுனெஸ்கோ பின்னால நின்ன ஏற்பாடு. தனியா ஒரு அதிகாரியோ கலைப்பொருள் சேகரிக்கற ஒருத்தரோ நான் பார்த்துக்கறேன் அனுப்புங்கன்னு சொன்னா அனுப்பவே அனுப்பாதீங்க, திருப்பித் தர தேதியும் நிபந்தனையும் எழுதின அரசு ஒப்பந்தம் இல்லாம எல்லை தாண்டின பொருள், நாளைக்கு நீங்களே கொடுத்ததுன்னு கோர்ட்ல சொல்ல வசதியாப் போயிடும். இப்போதைக்கு நாட்டுக்குள்ளயே அமைதியான இடத்துக்கு மாத்தறதுதான் என் ஓட்டு. பேக்கிங், சிலிக்கா, வாட்ச்மேன் சம்பளம் மாதிரி அவசரச் செலவுக்கு ஜெனீவாவுல அலிஃப்னு ஒரு நிதியம் இருக்கு, போர் ஆபத்துல இருக்கற பாரம்பரியத்துக்காகவே 2017ல தொடங்கினது, அவங்களுக்கு எழுதிப் பாருங்க.

திருடு போனா கிடைக்குமா? கிடைக்கும், எல்லாம் இல்ல. பாக்தாத்ல போனதுல ஏறக்குறைய பாதி திரும்பியிருக்கு, அதுல கணிசமானது முதல் மாசங்கள்ல உள்ளூர்லயே வந்தது. காரணம், கொண்டு வந்து கொடுத்தா எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம்னு அறிவிச்சாங்க, மசூதிகள்லயும் திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்க. 5,000 வருஷம் பழைய வார்க்கா ஜாடி அப்படித்தான் 2003 ஜூன்ல ஒரு கார் டிக்கியில துண்டு துண்டா வந்து சேர்ந்துது. அதனால முதல் வாரமே ஊர்ப் பெரியவங்க, கோயில் மசூதி சர்ச் ஆளுங்க, ஸ்கூல் வாத்தியார்னு எல்லார் மூலமாவும் சொல்லி அனுப்புங்க. கூடவே போலீஸ்ல புகார், ஸ்டேஷன் பூட்டியிருந்தா எழுத்துல தேதி போட்டு மேலதிகாரிக்கு. இன்டர்போல் திருட்டுக் கலைப்பொருள் பட்டியல்ல நீங்க நேரா ஏத்த முடியாது, உங்க நாட்டு இன்டர்போல் பிரிவு வழியாத்தான் போகணும், அவங்க கேக்கறதும் மேல சொன்ன அதே போட்டோவும் அளவும்தான். பட்டியல்ல ஏறிடுச்சுன்னா ஐடி-ஆர்ட்ங்கற ஆப்ல யார் வேணா பொருளைத் தேடிப் பார்க்கலாம்.

அகழாய்வு மேடு இதைவிடக் கஷ்டம், ஏன்னா மண்ணுக்குள்ள இருக்கறதுக்குப் பதிவேடே கிடையாது. அங்க நீங்க காக்க வேண்டியது இடத்தைப் பத்தின தகவல். வாரா வாரம் ஒரே இடத்துல நின்னு ஒரே கோணத்துல போட்டோ எடுங்க, புதுக் குழி தெரிஞ்சா தேதியோட குறிங்க, கொள்ளைக்காரங்க விட்டுட்டுப் போன உடைசலைக் கூட்டிப் பெருக்காதீங்க. லண்டன்ல 2003ல ஒரு டீலர்கிட்ட போலீஸ் பிடிச்ச ஈராக் பொருள் எட்டுல சில களிமண் கூம்புகள் இருந்துது, அதுல எழுதியிருந்தது ‘எனின்னு’ங்கற கோயிலோட பேரு, ஈராக்ல அந்தக் கோயில் இருந்த தெல்லோவுல தோண்டிட்டிருந்த பிரிட்டிஷ் மியூசியம் குழு அதே எழுத்துள்ள கூம்புகளைச் சுவர்லயே பார்த்திருந்தாங்க, 2018ல எட்டும் ஈராக் போச்சு. கம்போடியாவுல கோ கேர் கோயில்ல உள்நாட்டுப் போர் சமயத்துல துரியோதனன் சிலையை வெட்டி எடுத்தவங்க பாதத்தை பீடத்துலயே விட்டுட்டாங்க, 2011ல அது நியூயார்க் ஏலத்துக்கு வந்தப்போ அந்தப் பாதம்தான் சாட்சி சொல்லுச்சு, 2014ல சிலை ஊர் திரும்பிச்சு. யாராவது அந்த பீடத்தை ஒழுங்கு பண்றேன்னு பாதத்தைப் பெயர்த்திருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

கள்ளப் பேப்பர் எப்படி இருக்கும்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. எகிப்துல 2011 கலவரத்துல தோண்டி எடுத்த நெஜெமான்க்ங்கற பழங்காலப் பூசாரியோட தங்க முலாம் பூசின சவப்பெட்டியை மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017ல சுமார் 40 லட்சம் டாலருக்கு வாங்கிச்சு, கூட வந்த ஏற்றுமதி அனுமதி 1971 மே தேதி போட்டது, ஆனா முத்திரையில இருந்த நாட்டுப் பேரு அந்த வருஷம் செப்டம்பர்லதான் வந்தது. 2019ல பெட்டி எகிப்துக்குத் திரும்பிச்சு. உங்க துறையோட பழைய லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப், கையெழுத்து மாதிரிகள் எந்த வருஷம் எது புழக்கத்துல இருந்ததுன்னு ஒரு ஃபைல் போட்டு வைங்க, யாரும் செய்யறதில்ல, ஆனா இது மாதிரி கேஸ்ல பெரிசா உதவும்.

கடைசியா விலை பேசற ஆள். வாங்காதீங்க. உங்க மனசு புரியுது, கண் முன்னாடி போகுதேன்னு இருக்கும், ஆனா இந்த வாரம் நீங்க காசு கொடுத்தா அடுத்த வாரம் அதே மேட்டுல பத்து குழி அதிகமா இருக்கும், நாளைக்குத் திருட்டுப் பொருள் வாங்கினவர்னு உங்க பேர்தான் ஃபைல்ல இருக்கும். சண்டையும் போடாதீங்க, மிரட்டாதீங்க, ஆயுதம் வெச்சிருக்கற ஆளா இருக்கலாம். விலையைப் பத்தி மேலதிகாரியைக் கேக்கணும்னு சொல்லி, அவர் சம்மதிச்சா போட்டோ எடுத்துக்கோங்க, எந்தப் பக்கம் கிடைச்சதுன்னு பேச்சோட பேச்சாக் கேளுங்க, வீட்டுக்குப் போனதும் தேதி நேரத்தோட எழுதி வெச்சுட்டு போட்டோவை அந்த மூணு இடத்துக்கும் அனுப்பிடுங்க. கேள்வி கேட்காம திருப்பி வாங்கிக்கற ஏற்பாடு உங்க துறை அனுமதியோட அமைஞ்சா, முதல்ல சொல்லி அனுப்ப வேண்டியது அவருக்குத்தான்.